விஜயதசமியன்று எரியாத மானிட்டர்

19-10-88, புதன்

காலையிலிருந்து தூறல். பாசஞ்சர் இருபது நிமிடம் லேட். விழுப்புரத்தில் ஏறும்போது நனைந்த புடவை, திண்டிவனத்தில் இறங்கும்போதுதான் காய்ந்தது.

சரஸ்வதி பூஜை. இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு இல்லை, துடைக்கிற வேலை மட்டும். டைப்ரைட்டர் எட்டு. பிரஷ், மண்ணெண்ணெய், பழைய பனியன் துணி. எழுத்து இடுக்கில் அடைத்த மை போகவே போகாது, குண்டூசியால் நோண்டியதில் விரல் நுனி கறுப்பு. கடைசியாகக் கம்ப்யூட்டர். அதை மட்டும் வேறு யாரையும் தொட விடவில்லை.

பழையதுதான். சென்னையில் ஒரு கம்பெனி கழித்துப் போட்டதை இன்ஸ்டிட்யூட் நடத்தும் தண்டபாணி சார் போன மாதம் டெம்போவில் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, கீபோர்டு, பெட்டியின்மேல் சின்ன டி.வி. மாதிரி மானிட்டர். பச்சை எழுத்து. பழசானால் என்ன, இந்த ஊர் டைப் இன்ஸ்டிட்யூட்டுகளில் வேறு யாரிடமும் கிடையாது.

சந்தனம் நானே அரைத்தேன், பன்னீர் விட்டுக் கெட்டியாக. டைப்ரைட்டருக்கு நெற்றி தெரியும், ரோலருக்குக் கீழே. கம்ப்யூட்டருக்கு எது நெற்றி? கீபோர்டில் எழுத்து மேல் வைக்கக்கூடாது. மானிட்டர் கண்ணாடியில் வைத்தால் கறை. ஆகவே மானிட்டரின் பவர் பொத்தான் மேல் பெரிதாக ஒன்று, நடுவில் குங்குமம். அழகாக இருந்தது. சார், "பரவால்லியே, மேடத்துக்கு ராசியான கை" என்றார்.

நாளை விஜயதசமி, ஒன்பது மணிக்கு முதல் கம்ப்யூட்டர் வகுப்பு. ஆறு பேர். ஆசிரியை நான். ஐந்து மாதமாக டைப் மட்டும் சொல்லிக்கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு முன் பாண்டிச்சேரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த சர்ட்டிஃபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துப் பார்த்தேன். அந்துருண்டை வாசனை.

நாளைக்கு:
சாக்பீஸ் (கலர் ஒன்று)
வெள்ளைத் தாள்
பாப்பாவுக்குக் கேப்பைக்கூழ் இரண்டு வேளைக்கு. சூடு பார்த்து ஊட்டச் சொல்லி அத்தையிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கோபம் வரும். ஆனாலும்.

அத்தை பாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "உங்கம்மா நாளைக்கி டீவி பொட்டிக்கு வாத்தியாராப் போறா. நீ அழுவாம என்னாண்ட இருக்கணும், இன்னா?"


20-10-88, வியாழன்

எரியவில்லை.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. எழுதுகிறேன்.

ஒன்பதுக்கு ஆறு பேரும் வந்துவிட்டார்கள். கௌரி என்ற பெண்ணுடன் அவள் அப்பாவும். மயிலத்துப் பக்கம் நிலக்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, போட்டிருப்பவர், வெள்ளை வேட்டி, தட்டில் பழம் வெற்றிலை. சார் கற்பூரம் காட்டினார். சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டேன், அதில் சிவப்பு விளக்கு வந்தது. மானிட்டர் பொத்தானை அமுக்கினேன். ஒன்றுமில்லை. அதன் சின்னப் பச்சை விளக்குகூட இல்லை. மறுபடி. மறுபடி. ஆறு பேரும் இருண்ட கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கௌரி அப்பா: "இன்னாம்மா, எரியலியா?"

"வோல்ட்டேஜ் கம்மி போல. ஒரு நிமிஷங்க."

"நல்ல நாளும் அதுவுமா. மல்லாட்டை புடுங்குற ஆளுங்களை வுட்டுட்டு வந்தேன். எரியாதுன்னு தெரிஞ்சிருந்தா நாளைக்கி வந்திருப்பேன்."

யாரோ சிரித்தார்கள். காது சூடானது.

பிளாக்போர்டில் கீபோர்டை வரைந்து ஒரு மணி நேரம் சமாளித்தேன். அனுப்பிய பிறகு சார் மெதுவாக, "சரஸ்வதிக்கே இஷ்டமில்ல போலம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதியம் வரை பார்த்தது:
சுவரில் பிளக் பாயின்ட். டேபிள் லாம்பைச் செருகினேன், எரிந்தது. அது சரி.
ஸ்டெபிலைசர். முள் சரியான இடத்தில். அது சரி.
மானிட்டரின் ஒயர். கழற்றிக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மாட்டினேன், பெட்டிக்கு உயிர் வந்தது. ஒயரும் சரி.

அப்படியென்றால் கோளாறு மானிட்டருக்குள். அங்கே நிறுத்தினேன். டி.வி. மாதிரிதான் அது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். படித்தது நினைவிருக்கிறது. பாப்பாவும் நினைவுக்கு வந்தாள். ஸ்குரூவைத் தொடவில்லை.

திரும்பும் ரயிலில் பால் கட்டி ஜாக்கெட் நனைந்துவிட்டது. முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு முண்டியம்பாக்கம் வரை நின்றபடியே.


21-10-88, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். டைப் வகுப்பு வழக்கம்போல். லோயர் பரீட்சைக்காரர்கள் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே அந்த மானிட்டர், துணி போர்த்தி.

மூன்று மணிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து குமரேசன் என்ற டி.வி. மெக்கானிக். சார் வரச் சொன்னாராம். கையில் பெட்டி, பெட்டியைத் திறக்கவே இல்லை. பொத்தானை இரண்டு தடவை அமுக்கினார். மானிட்டரின் தலையைப் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டினார்.

"டியூப் போச்சு சார். இது பழைய சரக்கு. எடுத்துக்கினு போய்ப் பார்க்கிறேன், கேரண்டி சொல்ல மாட்டேன்."

நான்: "உள்ளே பார்க்காம டியூப்னு எப்படிங்க சொல்றீங்க? டியூப் போனாலும் அந்தச் சின்ன விளக்கு எரியணும் இல்லையா?"

என்னைத் திரும்பிப் பார்க்காமல் சாரிடமே சொன்னார்: "மேடம் புஸ்தகத்துல படிச்சிருப்பாங்க." பிறகு என்னிடம், "உள்ள கை வச்சுடாதீங்கம்மா, தூக்கி அடிச்சுரும். கைக்கொழந்தைக்காரின்னு சார் சொன்னாரு."

அது உண்மைதான். உண்மையைச் சொல்லி வாயடைப்பது ஒரு சாமர்த்தியம்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. அவர் மச்சான் பாண்டியில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாராம். "டீவிக்குப் பதில் வேற டீவியும் போட்டு, ஆளையும் அனுப்பறேன் சார். ஆம்பள ஆளு, லீவு போட மாட்டான்."

சார் யோசித்தார். நான் நிற்கும்போதே யோசித்தார். "செவ்வாக்கெழமை வந்து எடுத்துக்கினு போ. அப்பவே பேசிக்கலாம்."

அவர் போன பிறகு கேட்டேன். "சார், திங்கட்கிழமை வரைக்கும் நான் பார்க்கலாமா?"

"பிரிக்கக்கூடாது."

"பிரிக்க மாட்டேன் சார்."

"பிரிக்காம இன்னாம்மா பார்ப்பே?"

தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

வகுப்பு கைவிட்டுப் போனால் டைப் இருக்கிறது, சம்பளமும் நிற்காது. வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், ராத்திரி சாப்பிடும்போது: "எதுக்கு பேஜாரு? டைப் சொல்லிக் குடுத்துக்கினு நிம்மதியா இரேன்." பாவம், நல்லதற்குத்தான் சொல்கிறார். அவருக்கு ரயில்வே புக்கிங் கவுன்டரில் நாள் முழுக்கச் சில்லறைச் சண்டை. ஆனால் "ஆசிரியை, கம்ப்யூட்டர்" என்று ஒரு நாள் இருந்தேன். அரை நாள். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?


22-10-88, சனி

பாப்பாவுக்குக் காலையில் நூறு டிகிரி. பல் முளைக்கிற காய்ச்சல் என்கிறார் அத்தை. நான் வீட்டில் இல்லாததால் என்கிறது என் மனசு. லீவு சொல்லி அனுப்பினேன். "லீவு போட மாட்டான்" என்ற அந்த வார்த்தை அடுப்படி வரை கூடவே வந்தது.

ஈரத்துணி மாற்றுவதும் மானிட்டரை நினைப்பதுமாக.

பதினோரு மணிக்குப் பாப்பா தூங்கியதும் யோசித்தேன். கரண்ட் கொடுக்காமல், பெட்டியைப் பிரிக்காமல், உள்ளே வழி அறுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். காலேஜ் லேபில் என்றால் கால்வனோமீட்டர். இங்கே என்ன இருக்கிறது? டார்ச் செல். துண்டு ஒயர். பல்ப் வைத்தால் எரியாது, அவ்வளவு சின்னக் கரண்ட். அப்போதுதான் அவருடைய டிரான்சிஸ்டர் கண்ணில் பட்டது. அதன் இயர்ஃபோன்!

செல்லின் ஒரு முனையில் இயர்ஃபோன், மறுமுனையில் ஒயர். இரண்டின் மறு நுனிகளை ஒன்றோடொன்று உரசினால் காதுக்குள் "கரக்." பொடிக் கரண்ட் போனாலும் காது கேட்டுவிடும்.

இஸ்திரிப் பெட்டியில் சோதித்தேன், சுவரில் செருகாமல்தான். பிளக்கின் இரண்டு கம்பிகளிலும் நுனிகளை உரச, "கரக்." இஸ்திரிப் பெட்டியின் திருகை அணைத்து வைத்தால் ஊமை. போட்டால் கரக். நாலு தடவை. ஐந்தாவது தடவை சும்மா, சந்தோஷத்துக்கு.

அவர் மதியம் சாப்பிட வந்து வாசலில் நின்று பார்த்தார். நான் தரையில், காதில் இயர்ஃபோன், மடியில் இஸ்திரிப் பெட்டி.

"இன்னா சாந்தி, இஸ்திரிப் பொட்டியில ஸ்டேஷன் பிடிக்கிறியா?"

"ஆமா. திண்டிவனம் ஸ்டேஷன்."

விளக்கினேன். சாதம் ஆறியது. முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் இயர்ஃபோனைத் தானும் மாட்டி ஒருமுறை உரசிப் பார்த்தார். "அட!" என்றார். அந்த அட-வை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாலை காய்ச்சல் தொண்ணூற்றொன்பது.


23-10-88, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. கீழே இரண்டு பல் முனை, அரிசி நொய் மாதிரி. தொட்டால் கடிக்கிறாள்.

நாளை போவதா வேண்டாமா. காய்ச்சல் திரும்பி வந்தால்? நான் இல்லாதபோது வந்தால்? டாக்டர் வீட்டுக்கு யார் தூக்கிப் போவது, அத்தைக்கு மூட்டு வலி. எண்ணிக்கொண்டே துணி துவைத்ததில் ஒரே பாவாடையை இரண்டு தடவை துவைத்தேன்.

அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலையே நிமிர்த்தவில்லை.

"நாலு பெத்தவடி நானு. ஒரு பல்லுக்கு நீ இவ்ளோ பொலம்பிக்கினு இருந்தா முப்பத்திரண்டுக்கும் இன்னா பண்ணுவே? போ, போய் அந்தப் பொட்டியைப் பாரு."

பிறகு, கல்லைப் பொறுக்கிப் போட்டபடி: "அந்தப் பாண்டிக்காரன் உன்னைக் கைக்கொழந்தைக்காரின்னானாமே. கொழந்தை என்னாண்டதான இருக்குது. அவனுக்கு இன்னா?"

இவர் சொல்லியிருக்கிறார் போல. அத்தைக்குக் கோபம் வந்தது என் பக்கமாக, முதல் தடவை.


24-10-88, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும். ஒன்றும் விடக்கூடாது.

பன்னிரண்டு மணி பேட்ச் போன பிறகு ஹால் காலி. சார் அவர் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், படிக்கிற மாதிரி. மானிட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இயர்ஃபோன் மாட்டினேன்.

பொத்தானை அமுக்கிப் பிளக் கம்பிகளில் நுனிகளை உரசினேன். ஊமை. பொத்தானை வெளியே விட்டு உரசினேன். ஊமை. ஆக வழி அறுந்திருக்கிறது, அதுவும் நுழைகிற இடத்திலேயே. டியூப் வரைக்கும் போகவே வேண்டாம்.

நுழைகிற இடத்தில் மூன்றுதான். ஒயர், ஃபியூஸ், சுவிட்ச். ஒயர் அன்றைக்கே பார்த்தது. ஃபியூஸ் பின்பக்கம், வெளியிலிருந்தே காசால் திருகி எடுக்கலாம். எடுத்து உரசினேன், "கரக்." நல்லது.

மீதி சுவிட்ச்.

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை மெதுவாக அமுக்கினேன், புது டைப்ரைட்டரில் ஒவ்வொரு கீயாக விரல் வைத்துப் பார்ப்பதுபோல. உள்ளே போகிறது. ஆனால் கடைசி அரை நூல் இறங்கவில்லை. அடியில் மெத்தென்று எதிலோ நிற்கிறது. "டக்" இல்லை. நாலு நாளாக எல்லோரும் அமுக்கினோம், ஒருவரும் டக்கைத் தேடவில்லை.

பொத்தானின் மூடியை நகத்தால் நெம்பியதும் கையோடு வந்தது. உள்ளே மஞ்சளாக, காய்ந்து, கெட்டியாக.

சந்தனம்.

பன்னீர் விட்டு நான் அரைத்தது. நடுவில் குங்குமத்தின் சிவப்புகூட இருந்தது. மேலே ஒற்றி எடுத்தபோது மீதியை நானே இடுக்கில் உள்ளே தள்ளியிருக்கிறேன்.

சிரிப்பா அழுகையா தெரியவில்லை. இரண்டு வழி இருந்தது. துடைத்துவிட்டு "லூஸ் கனெக்ஷன் சார்" என்பது ஒன்று. சாரிடம் போய் பூஜைச் சந்தனம்தான் கெடுத்தது என்பது இன்னொன்று. அவர் காலையில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவர். அதோடு, வைத்தது நான்.

முதலில் வேலை. டைப் துடைக்கிற பிரஷ், குண்டூசி, பாப்பாவுக்கு வாங்கிப் பையிலேயே கிடந்த ஸ்பிரிட். மண்ணெண்ணெய் பக்கம் போகவில்லை. நோண்டி, தட்டி, துடைத்து, ஸ்பிரிட் விட்டு, மறுபடி. மஞ்சள் தூள் மேஜை முழுக்க. ஒரு மணி நேரம் காய விட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் மணியை இருபது தடவை பார்த்திருப்பேன்.

மூடியைப் போட்டு அமுக்கினேன். "டக்."

இயர்ஃபோனில் உரசினேன். "கரக்."

பிறகுதான் சுவரில் செருகினேன். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே போகாதிருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றக் கையால் அமுக்கினேன். பச்சை விளக்கு. கண்ணாடிக்குள் மெல்ல, பொழுது விடிவதுபோல். ஓரத்தில் சதுரமாக ஒரு துளி மினுக்கி மினுக்கி.

"சார்!" என்று கத்திவிட்டேன்.

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணே?"

லூஸ் கனெக்ஷன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சரஸ்வதிக்கு இஷ்டமில்லை என்று இந்த மனிதர் நாலு நாளாக நம்பிக்கொண்டிருக்கிறார். என் தப்பை அவள் தலையில் எப்படி வைப்பது?

"சரஸ்வதிக்கு இஷ்டம்தான் சார். தப்பு என்னுது. பொத்தான் மேல சந்தனம் வச்சேன், அது உள்ள போய்க் காஞ்சி சுவிட்சைப் பிடிச்சுக்கிச்சு." மேஜை மேல் தூளைக் காட்டினேன்.

தூளை விரலால் தொட்டார், முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பு, இருமலில் போய் முடிகிற மாதிரி.

"நெத்தியில வைக்கிறேன்னு வாயில வச்சுட்டியேம்மா!"

"ஆமா சார்."

"பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது சார்."

"ம்." தூளை ஒரு காகிதத்தில் வழித்து மடித்தார். எதற்கு என்று கேட்கவில்லை, எறிவதற்கு மனசு வரவில்லை போல. "நாளைக்கி அந்தக் குமரேசன் வருவான். நீயும் இரு."

வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சரி. ஆனால் எரிகிறது. நான் எரிய வைத்தேன். கெடுத்ததும் நான்தான்; இருந்தாலும் கெடுப்பது யாராலும் முடியும்.

வீட்டில் அத்தை கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி சந்தனத்தைக் குத்தம் சொல்லிட்டியா?" இல்லை அத்தை, என்னைத்தான் சொன்னேன் என்றேன். சற்று நேரம் கழித்துப் பக்கத்து வீட்டில் அவர் குரல்: "காதுல வச்சே கண்டுபுடிச்சுட்டா, டாக்டரு கணக்கா!"


25-10-88, செவ்வாய்

நல்ல மழை. குமரேசன் நனைந்துகொண்டே வந்தார், மானிட்டரைக் கட்ட கோணிப்பையோடு. சார் பொத்தானை அமுக்கினார். டக்.

குமரேசன் குனிந்து பச்சை விளக்கைப் பார்த்தார். "எந்த மெக்கானிக் பார்த்தாரு?"

"மேடம்."

"உள்ள இன்னா மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க. பிரிக்கவே இல்லை." இயர்ஃபோனைக் காட்டி எப்படி என்று சொன்னேன். இந்தத் தடவை என்னைப் பார்த்தே கேட்டார். மட்டமான ஆள் இல்லை. மீட்டர் இல்லாத இடத்துக்கு நல்ல ஐடியா என்றார், கடைப் பையனுக்குச் சொல்லித் தருகிறேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்தோம்.

பிறகு மச்சான் பேச்சை எடுத்தார். "அதுக்கின்னா சார், ஆளை நாளைக்கே அனுப்பட்டா?"

சார் டம்ளரை வைத்தார். "எதுக்கு?"

அவ்வளவுதான். மச்சானைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நான் டைப் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவை.


26-10-88, புதன்

வெயில். பாசஞ்சர் சரியான நேரம். பாப்பா அழாமல் கை காட்டினாள். நான்தான் தெரு முனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்பது மணி வகுப்பு. ஆறு பேர், ஒருவரும் குறையவில்லை. இருட்டான கண்ணாடியைப் பார்த்துப் போனவர்கள் திரும்பி வருவார்களோ என்று பயந்தேன். வந்துவிட்டார்கள். கௌரியைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட அப்பா வாசலிலேயே நின்று, திரையில் மகள் பெயர் பச்சையாக வந்ததைப் பார்த்தார். அவளே தட்டியது. இங்கிலீஷில் ஐந்து எழுத்துக்கு மூன்று நிமிடம்.

பிறகு சாரிடம் கேட்டார். "நல்லா எரியுதே. வாத்தியாரு பாண்டியில இருந்து வர்றாருன்னாங்க, இன்னும் வரலீங்களா?"

"எதுருல நிக்கிறாங்களே, அவங்கதான்."

"டைப் சொல்லித் தர்றவங்க இல்ல?"

"அதுவும் அவங்கதான். பொட்டி கெட்டுப் போனா ரிப்பேரும் அவங்கதான்." என் பக்கம் திரும்பி, "போர்டுல பேரை எழுதிடும்மா, வர்றவன் போறவன்லாம் கேட்டுக்கினு இருக்கான்" என்றார்.

கலர் சாக்பீஸ் எடுத்தேன். கரும்பலகையின் மேல் மூலையில், தேதிக்குப் பக்கத்தில்: "கம்ப்யூட்டர் ஆசிரியை: இரா. சாந்தி." கீழே வைத்துவிடத்தான் போனேன். வைக்காமல் "பி.எஸ்ஸி." சேர்த்தேன். இன்னும் இடம் இருந்தது. "இயற்பியல்" என்றும் எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்.